கப்பலில் இடத்துக்கு விலை, விமானத்தில் எடைக்கு விலை

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை கிடைத்திருப்பதால் நானும் கணவரும், எட்டு வயது, நான்கு வயதுக் குழந்தைகளும் இன்னும் மூன்று மாதத்தில் டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிபெயர்கிறோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை, முந்நூறு புத்தகங்கள், எவர்சில்வர் பாத்திரங்கள், பாட்டியின் வீணை, பரம்பரையாக வந்த குத்துவிளக்கு, ஊஞ்சல் பலகை ஆகியவற்றைக் கப்பலில் அனுப்ப எண்ணுகிறோம். இரண்டு நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று சொன்ன தொகை மற்றொன்று சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். குறைவாகச் சொன்னவரிடம் கொடுத்துவிடலாமா? எப்போது அனுப்ப வேண்டும்? அங்கே வரி கட்ட நேருமா? இரண்டு கொட்டேஷன்களையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கொட்டேஷன்களை வரிவரியாகப் படித்தேன். குறைந்த தொகை சொன்ன நிறுவனத்தின் தாளில், கையொப்பத்துக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில், சேருமிடக் கட்டணங்கள் தனி என்றும் அவற்றைச் சரக்கைப் பெறுபவரே செலுத்த வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அதிகத் தொகை சொன்ன நிறுவனமோ உங்கள் மதுரை வீட்டிலிருந்து ஸ்கார்பரோ வீட்டு வாசல் வரைக்கும் கணக்கிட்டிருக்கிறது. ஒன்று பாதி வழிக்கான விலை, மற்றொன்று முழு வழிக்கான விலை என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

உங்களைப் போல் ஒரு முழுக் கன்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சாமான் இல்லாதவர்களின் பெட்டிகளைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றி அனுப்பும் முறையை எங்கள் தொழிலில் எல்.சி.எல். என்பார்கள். இதில் கடல் வாடகைக்குப் போட்டி மிகக் கடுமையாக இருப்பதால், சில நிறுவனங்கள் அதை அடக்க விலைக்கும் கீழே சொல்லிவிட்டு, சரக்கு இறங்கும் ஊரில் உள்ள தங்கள் கூட்டாளி வழியாக அந்தக் குறைவை ஈடுகட்டிக்கொள்கின்றன. கன்டெய்னரைப் பிரித்துப் பெட்டிகளைத் தனித்தனியாக எடுத்துவைப்பதற்கு ஒரு கட்டணம், ஆவணத்தை ஒப்படைப்பதற்கு ஒன்று, கிடங்கில் கையாள்வதற்கு ஒன்று, முனையக் கட்டணம் ஒன்று என்று பில் வரும்போது உங்கள் பெட்டிகள் அவர்கள் கையில் இருக்கும். நீங்கள் புது ஊரில், வேலை தேடும் நிலையில் இருப்பீர்கள். இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் சிலவே. அதன்பின் கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும் என்பதால் பேரம் பேசவும் நேரமிருக்காது. இந்த நிலையில் அகப்பட்டுக்கொண்ட குடும்பங்கள் பலவற்றின் பில்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனவே குறைந்த தொகை சொன்னவரிடம் போய், டொரான்டோவில் உங்கள் சரக்கைக் கையாளப்போகும் நிறுவனத்தின் பெயரையும், அந்த நிறுவனம் வசூலிக்கப்போகும் ஒவ்வொரு கட்டணத்தையும் கனடிய டாலரில் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் கூட்டிப் பாருங்கள். தரமாட்டேன் என்றால் அவரை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அவர்கள் தரும் பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான கப்பல் ரசீது, எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் என்றும், அந்த நிறுவனம் 1993 ஆம் ஆண்டின் பல்வகைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்றும் சேர்த்தே விசாரியுங்கள்.

இனி, எதை அனுப்புவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான சிக்கனம் இங்கேதான் இருக்கிறது. கப்பலில் கன மீட்டருக்கு ஒரு தொகை என்று வசூலிப்பார்கள். ஒரு கன மீட்டரின் எடை ஆயிரம் கிலோவைத் தாண்டினால் மட்டுமே எடை கணக்கில் வரும். வீட்டுச் சாமான் ஒருபோதும் அந்த எடைக்கு வராது. விமானத்தில் பயணிகள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கோ, நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டருக்குள் இருக்கும் வரை, எடைதான் கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தால், கனமாகவும் சிறிதாகவும் இருப்பவை கப்பலுக்கு, லேசாகவும் பெரிதாகவும் இருப்பவை விமானத்துக்கு என்று சாமான்கள் தாமாகவே பிரிந்துவிடும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: புத்தகங்களைப் பெட்டியில் அடைத்து விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டுகிறார்கள், துணிமணியையும் தலையணையையும் கப்பலில் ஏற்றி வெற்றிடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள்.

உங்கள் பட்டியலையே அளந்து பார்ப்போம். முந்நூறு புத்தகங்கள் சராசரியாக 400 கிராம் என்றால் மொத்தம் 120 கிலோ. 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சிறிய அட்டைப்பெட்டியில் 20 கிலோ வரை அடுக்கலாம் என்பதால் ஆறு பெட்டிகள் போதும். ஆறும் சேர்ந்து கால் கன மீட்டர்கூட ஆகாது. எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் 45 சென்டிமீட்டர் சதுரப் பெட்டிகள் மூன்றில் அடங்கிவிடும், அது 0.27 கன மீட்டர். வீணையின் மரப்பெட்டி ஏறக்குறைய 0.28. ஊஞ்சல் பலகையைச் சங்கிலியைக் கழற்றிப் படுக்கவைத்துக் கட்டினால் 0.09. குத்துவிளக்கு நீங்கலாக எல்லாம் கூடி 0.9 கன மீட்டருக்கும் குறைவு. உங்கள் ஃபிரிட்ஜ் ஒன்றை மட்டும் பாதுகாப்பாகக் கட்டினால் 70 சென்டிமீட்டருக்கு 70, உயரம் 170 என்று வைத்தாலும் 0.83 கன மீட்டர் வந்துவிடுகிறது. அதாவது, நீங்கள் உயிராக நினைக்கும் பொருள்கள் அனைத்துக்கும் ஆகும் வாடகையை ஏறக்குறைய அப்படியே அந்த ஒரு ஃபிரிட்ஜுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கொடுத்தாலும் அது அங்கே பயன்படாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; கனடாவில் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜை மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அது மாற்றாது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றின் மோட்டார்கள் பெரும்பாலும் அதைச் சார்ந்தே ஓடுபவை. ஆகவே மூன்றையும் மதுரையிலேயே விற்றுவிடுங்கள். 110 வோல்டில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டர் டொரான்டோவின் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கிறது. சாப்பாட்டு மேசையையும் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. ஊஞ்சல் பலகையைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். அங்குள்ள வீடுகளில் கூரை பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்தது; வாடகை வீட்டில் கொக்கி மாட்ட அனுமதி கிடைப்பதும் அரிது. இருந்தாலும் பலகை பிடிக்கும் இடம் மிகக் குறைவு. எல்.சி.எல். முறையில் குறைந்தபட்சமாக ஒரு கன மீட்டருக்கு வாடகை வாங்குவதே வழக்கம் என்பதால், உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய இலவசமாகவே போய்ச் சேரும். ஆசைப்பட்டால் அனுப்புங்கள்.

துணிமணி, கம்பளி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் உங்களுடன் விமானத்தில் வரட்டும். கனடாவுக்குச் செல்லும் பெரும்பாலான விமானங்களில் இருக்கை எடுத்த ஒவ்வொருவருக்கும் 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகள் அனுமதி உண்டு. நான்கு பேருக்கு மொத்தம் 184 கிலோ. உங்கள் டிக்கெட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒன்றிரண்டு பெட்டி கூடுதலாகத் தேவைப்பட்டால் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். விமான நிலையத்தில் கேட்கும் தொகையைவிட அது பெரும்பாலும் குறைவு. நகை, கல்விச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், குழந்தைகளின் தடுப்பூசிக் குறிப்பு ஆகியவை கைப்பையைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது.

வீணையையும் குத்துவிளக்கையும் பற்றித் தனியாக எழுதியாக வேண்டும். பாட்டி காலத்து வீணை என்கிறீர்கள். பழைய தஞ்சாவூர் வீணைகளில் குடத்தின் ஓரத்திலும் தண்டியிலும் செய்த நகாசு வேலைக்கு யானைத் தந்தத்தையோ மான் கொம்பையோ பயன்படுத்தியிருக்கக்கூடும். இப்போது வருபவற்றில் இருப்பது பிளாஸ்டிக். தந்தம் என்றால் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. அனுபவமுள்ள வீணை ஆசாரி ஒருவரிடம் காட்டி அது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: வீணையின் மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கம்பிகள், மெழுகில் பதிக்கப்பட்டவை. தூத்துக்குடித் துறைமுகத்தின் வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் இரும்புக் கன்டெய்னருக்குள் அந்த மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்துவிடும். தந்திகளைத் தளர்த்தி, மெட்டுகளின் இருப்பிடத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அனுப்பினால், அங்கே மெழுகுச் சட்டம் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்; டொரான்டோவில் வீணை ஆசிரியர்கள் இருப்பதால் வழி கேட்பது சிரமமாக இராது. அதற்கு மனமில்லை என்றால், அதிக அளவுக்கான கட்டணம் செலுத்தி அதை விமானத்தில் கொண்டுபோவதே நல்லது. உங்கள் பட்டியலில் காசு பார்க்காமல் செலவிடத் தகுந்த பொருள் அது ஒன்றுதான்.

குத்துவிளக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கலாம் என்று குடும்பத்தில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆன கலைப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பொருள் அவ்வளவு பழையதல்ல என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள். சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து சந்தேகப்பட்டால் அந்தத் தாள்தான் பேசும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் விளக்கு மதுரையில் உங்கள் தம்பி வீட்டிலேயே இருக்கட்டும். அந்த ஒரு பொருளுக்காக மொத்தச் சரக்கும் துறைமுகத்தில் தேங்குவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வரி பற்றிய கேள்விக்கு விடை உங்களுக்குச் சாதகமானது, ஆனால் அது ஒரு பட்டியலைச் சார்ந்தது. கனடாவில் குடியேற வருகிறவர்கள், அங்கு வந்து சேர்வதற்கு முன்பே தமக்குச் சொந்தமாகி, தம் வசத்தில் இருந்து, தாம் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களைத் தீர்வையும் வரியும் இல்லாமல் கொண்டுவரலாம். பின்னால் வரப்போகும் பொருள்களுக்கும் இந்தச் சலுகை வேண்டுமென்றால், முதன்முறை கனடாவுக்குள் நுழையும் அன்று விமான நிலையத்திலேயே எல்லைச் சேவை அதிகாரியிடம் (அங்கே சுங்கத்தைக் கவனிப்பவர்) அவற்றின் பட்டியலைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் மதிப்பையும், இருந்தால் வரிசை எண்ணையும் எழுதி இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். உங்களுடன் வரும் பொருள்களுக்கு ஒரு பட்டியல், பின்னால் வருபவற்றுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக இருக்கட்டும். நகைகளுக்குப் படமும் மதிப்பீட்டுச் சீட்டும் இருந்தால் நல்லது. அதிகாரி முத்திரையிட்டுத் திருப்பித் தரும் தாளைக் கடவுச்சீட்டுக்குச் சமமாகப் பாதுகாத்து வையுங்கள். வசிப்புரிமையை உறுதி செய்வதற்காகச் சிலர் குடும்பத்துடன் ஒருமுறை போய்விட்டு ஊர் திரும்பி, பிறகு நிதானமாகக் குடிபெயர்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால், பட்டியலை அந்த முதல் பயணத்திலேயே கொடுத்தாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

‘பயன்படுத்திய’ என்ற நிபந்தனையையும் கவனியுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் கடையில் வாங்கி, உறை பிரிக்காமல் பெட்டியில் வைக்கும் பாத்திரங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கு போனபின் முதல் 12 மாதங்களுக்குள் இப்பொருள்களில் எதையாவது விற்றாலோ கொடுத்துவிட்டாலோ அதற்குத் தீர்வை செலுத்த நேரும். தொழிலுக்காகப் பயன்படும் பொருள்களும் சலுகையில் அடங்கா.

எப்போது அனுப்புவது என்பதையும் இதுவே தீர்மானித்துவிடுகிறது. நீங்கள் கனடாவில் இறங்கிப் பட்டியலைப் பதிவு செய்யும் முன் சாமான் போய்ச் சேர்ந்தால், விடுவிக்க வழியின்றிக் கிடங்கு வாடகை ஏறும். தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டி பொதுவாகக் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, கனடாவின் ஒரு துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் டொரான்டோ சேரும். இதற்கு இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்து, பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. இத்தகைய தாமதத்துக்கும் இடம்விட்டே திட்டமிட வேண்டும். நீங்கள் விமானம் ஏறும் வாரத்தை ஒட்டி மதுரையிலிருந்து பெட்டிகள் கிளம்பினால் சரியாக இருக்கும். சுங்கப் பரிசோதனையின்போது நீங்கள் ஊரில் இல்லாமல் போகலாம் என்பதால், சுங்கத் தரகருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தையும் கடவுச்சீட்டு, விசா நகல்களையும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெறுபவர் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயரோ கணவர் பெயரோதான் இருக்க வேண்டும். ஸ்கார்பரோவில் உள்ள உறவினர் பெயரில் அனுப்பினால் உங்களுக்குரிய வரிச் சலுகை அவருக்குக் கிடைக்காது. தகவல் தெரிவிப்பதற்கு மட்டும் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாம்.

கட்டும் வேலையில் நீங்களே செய்யக்கூடியதும் கூடாததும் உண்டு. புத்தகம், பாத்திரம் ஆகியவற்றை நீங்களே அடுக்கலாம். ஏழு பிளை அட்டைப்பெட்டியே வாங்குங்கள். புத்தகங்களை இரண்டு நாள் நிழலில் காற்றாட வைத்து, பாலிதீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கட்டுங்கள். வெப்பமான கடலிலிருந்து குளிர்ந்த கடலுக்குப் போகும்போது கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும், ஒரு பெட்டி நனைந்தால் பூஞ்சை அடுத்த பெட்டிக்கும் பரவும். வைக்கோல் திணிக்கவே கூடாது. மண் ஒட்டிய எதுவும், அது அம்மிக்கல்லாக இருந்தாலும் பழைய செருப்பாக இருந்தாலும், கழுவிக் காயாமல் பெட்டிக்குள் போகக் கூடாது. வீணைக்கும் ஊஞ்சலுக்கும் மரக்கூடு அடித்தால், அந்த மரம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் போன்ற முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தைக் கனடா உள்ளே விடாது. தெருக்கோடித் தச்சர் நேர்த்தியாகச் செய்து தந்தாலும் இதில் அவர் உதவ முடியாது.

காப்பீடு எடுங்கள். ஆனால் பாலிசியில் ஓர் இடத்தைத் தேடிப் படியுங்கள்: உரிமையாளரே கட்டிய பெட்டிகளுக்கு, கப்பலோடு முழுவதும் தொலைந்தால் மட்டும் இழப்பீடு, உள்ளே உடைந்தால் இல்லை என்பதே பல பாலிசிகளின் நிபந்தனை. ஆகவே உடையக்கூடிய பொருள்களைக் கட்டும் வேலையை நிறுவனத்திடமே விடுங்கள். வீட்டுச் சாமானுக்குக் காப்பீடு எதற்கு என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிக்கொண்ட எவர் கிவன் கப்பலை மீட்டபின், அதன் உரிமையாளர் கடல் வணிகத்தின் பழைய விதி ஒன்றின்படி மீட்புச் செலவைச் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். அப்படி நேர்ந்தால், உங்கள் பெட்டிகளுக்கு ஒரு கீறலும் விழாதபோதும், உங்கள் பங்குக்கு உத்தரவாதம் தந்த பிறகே அவற்றை விடுவிப்பார்கள். காப்பீடு இருந்தால் அந்தப் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

டொரான்டோவில் சரக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு வந்ததும், அதிலுள்ள சரக்குக் கட்டுப்பாட்டு எண்ணையும், முத்திரையிட்ட பட்டியலையும், கடவுச்சீட்டையும், வசிப்புரிமைத் தாளையும் எடுத்துக்கொண்டு எல்லைச் சேவை அலுவலகத்துக்கு நீங்களே போகலாம்; வீட்டுச் சாமானை விடுவிக்கத் தரகர் கட்டாயமில்லை. ஒரு கன மீட்டர் என்பது சிறிய வாடகை வேனில் தாராளமாக அடங்கும் என்பதால், முழு வழிக் கொட்டேஷன் தந்த நிறுவனத்திடம் வீட்டு வாசல் வரை கொண்டுவரும் தொகையைக் கழித்து, கிடங்கு வரைக்கும் என்று புது விலை கேளுங்கள். பெட்டிகளை ஒரு கன மீட்டருக்குக் குறைத்துவிட்டு இப்படிக் கேட்டால், அதிகம் என்று நீங்கள் பயந்த அந்தத் தொகை எவ்வளவு இறங்குகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். கிடங்கில் பெட்டிகளை எண்ணி, நசுங்கியதோ நனைந்ததோ இருந்தால் அங்கேயே படமெடுத்து, அதைப் பெறுகைச் சீட்டில் எழுதிய பிறகே கையொப்பமிடுங்கள்.